ஞாயிற்றுக்கிழமைத் தலையிடி

என்னோடு படித்தவர்களே, உங்கள் படங்களையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். காலையில் கைபேசியைத் திறந்தால் ஒருவர் தொட்டியில் காய்த்த மூன்று மிளகாய் போட்டிருப்பார், இன்னொருவர் மொட்டைமாடிக் கத்தரிக்காய், வேறொருவர் கனடாவில் குளிர் வரமுந்திப் பிடுங்கிய ஒரு கைப்பிடிக் கீரை. கீழே ஒரு வரி: இனிக் கடைப்பக்கம் போகத் தேவையில்லை. மூன்று மிளகாயோடு கடையை மறந்த ஒருவரை எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அவர் என் அப்பா.

நீங்கள் கண்டது பிந்திய அப்பாவை. கறுத்து, மெலிந்து, சைக்கிள் கரியரில் வெங்காயம் கட்டிக்கொண்டு கோப்பாய்ச் சந்தியால் போவாரே, அவரை. அதற்கு முந்தி அவர் கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக்கர். வெள்ளைக் காற்சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனை. கால்வாய்க் கரையோரம் ஒரு வீட்டின் பின்பக்கத்தில் இரண்டு அறை எடுத்து நாங்கள் நாலு பேரும் இருந்தோம். சுவரில் எந்நாளும் ஈரம். அண்ணைக்கு முட்டு, மூச்சிழுப்பு. மழை தொடங்கினால் அவருடைய நெஞ்சுக்குள் இருந்து பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அண்ணையை மடியில் சாய்த்துக்கொண்டு இருப்பார். அன்றைக்குச் சோறு இல்லை என்று எனக்கு விளங்கிவிடும்.

எனக்கு எட்டு வயது நடக்கும்போது, ஒரு மழைநாள் பின்னேரம், அண்ணையின் உதடு நீலமாகிவிட்டது. ஆஸ்பத்திரி விறாந்தையில், போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் முன்னால், அப்பா முழங்காலில் நின்றார். நான் பக்கத்தில் நின்றதால் அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

"ஆண்டவரே, என்ரை பிள்ளையின்ரை மூச்சைத் தாரும். இனி ஓய்வுநாளிலை என்ரை கை ஒரு வேலைக்கும் போகாது."

அண்ணை பிழைத்தார். பொருத்தனை பொருத்தனைதான். ஞாயிற்றுக்கிழமை கந்தோர் எப்படியும் பூட்டு, ஆகவே ஒரு கிளாக்கருக்கு அது சுலபமான பொருத்தனை. தோட்டம் செய்கிற ஒரு கமக்காரனுக்கு அது எப்படி இருக்கும் என்று அன்றைக்கு அவர் யோசித்திருக்க நியாயமில்லை.

பிள்ளையை ஈரமில்லாத இடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார் டொக்டர். கோப்பாயில் அப்பாவின் பங்குக்கு ஆறு பரப்புத் தோட்டமும், அதற்குள் ஒரு கல்வீடும், கிணற்றில் மூன்றிலொரு பங்கும் கிடந்தன. அப்பா சம்பளமில்லாத லீவு ஆறு மாதம் எடுத்தார். முதல் போகம் சரிவந்தால் வேலையை விடுவது, தவறினால் திரும்பவும் அந்தக் கால்வாய்க்கரை அறைகள். இதை எங்கள் எல்லோரையும் இருத்தி வைத்துச் சொன்னார். அண்ணை தன் நெஞ்சை மெல்லத் தடவிக்கொண்டார்.

வந்த நாளிலிருந்து வீட்டில் ஒரு சட்டம். யாரோ வெள்ளைக்காரன் எழுதிய ஒரு புத்தகத்தை அப்பா எங்கிருந்தோ வாங்கி வாசித்திருந்தார். தன் தேவையைத் தானே உண்டாக்குகிறவனுக்கு எவனும் எசமான் இல்லை என்று அதில் இருந்ததாம். ஆகவே உப்பு, நெருப்புப்பெட்டி, மண்ணெண்ணெய் தவிர வேறொன்றும் கடையில் வாங்கக்கூடாது. சீனிக்குப் பதில் பனங்கட்டி. பல்லுக்கு உமிக்கரி. சவர்க்காரத்தை அப்பாவே காய்ச்சினார். தேங்காயெண்ணெயும் சாம்பல் தண்ணியும் விட்டு ஒரு முழுநாள் கிண்டினார். கடைசியில் வந்தது ஒரு களி. அதில் தோய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு தேவாலயத்துக்குப் போனவருக்குப் பின்னால் இருந்தவர்கள் தங்கள் வாங்கை விட்டெழும்பி ஒரு வாங்கு தள்ளி இருந்தார்கள். ஆடு ஒன்றும் வாங்கினார். அண்ணை பக்கத்தில் நின்று காதைச் சொறிந்துவிட்டால்தான் அது பால் விடும். மற்ற நேரத்தில் உதைதான்.

தேயிலையும் தடை. அம்மா கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர், தேத்தண்ணி இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது. கிணற்றுப் பங்குக்காரரின் மனைவி, நாங்கள் மாமி என்று கூப்பிடுகிறவர், வேலிப் பொட்டுக்குள்ளால் ஒரு சுருள் தேயிலை நீட்டுவார். அதை அம்மா உள்ளிப் பானைக்குள் வைத்திருந்தார்.

"இஞ்சாரும், குசினியிலை என்ன மணம்?" என்பார் அப்பா.

"மல்லித்தண்ணி," என்பார் அம்மா.

"ஓ," என்றுவிட்டு அப்பா வெளியே போய்விடுவார்.

அம்மாவிடம் ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து இருந்தது, குதி உயர்ந்தது. கோப்பாய்ச் செம்மண்ணில் அதைப் போட்டு எங்கே நடப்பது? தகரப்பெட்டிக்குள் கடுதாசி சுற்றிக் கிடந்தது. இடைக்கிடை எடுத்துத் துடைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பார். அதைக் காணும்போதெல்லாம் அம்மாவுக்குத் திரும்பிப் போகத்தான் விருப்பம், வெங்காயம் சாகட்டும் என்றுதான் காத்திருக்கிறார் என்று நான் முடிவு கட்டினேன். எட்டு வயதில் தாயைப் பற்றி எவ்வளவு துணிவாகத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்! அந்தச் சப்பாத்து பிறகு ஏதோ ஒரு இடப்பெயர்வில் பெட்டியோடு போய்விட்டது.

தை கடைசியில் வெங்காயம் நட்டோம். நாலு பேரும் குந்தியிருந்து, விரலால் அழுத்தி, பாத்தி பாத்தியாக. அண்ணைக்கு மூச்சு இழுக்கவில்லை. வந்து இரண்டு மாதத்தில் ஒருநாளும் இழுக்கவில்லை. நடுகிறபோது அம்மா அடிக்கடி நிறுத்தி, தலையைச் சரித்து, அண்ணையின் பக்கம் காது கொடுத்துக் கேட்பதைக் கண்டேன்.

வினை கிணற்றால் வந்தது. மூன்று பங்குக்காரருக்கும் இறைப்பு முறை உண்டு. எங்கள் முறை புதனும் ஞாயிறும். அப்பாவுக்கு இது நட்ட பிறகுதான் தெரியும். காணி உறுதியில் பங்கும் வழிவாய்க்காலும் எழுதியிருந்ததே தவிர, கிழமை எழுதியிருக்கவில்லை. அவர் பங்குக்காரரிடம் போனார்.

"ஞாயிறை மாத்தித் தரேலாதோ?"

"கிளாக்கர், இது முறை மாறிக் கோட்டுக்குப் போன கிணறு. எங்கடை அப்பு காலத்திலை ரெண்டு பேர் மண்டை உடைஞ்சு போட்டுத்தான் இந்த ஒழுங்கு வந்தது. நான் ஓமெண்டாலும் மற்றாள் விடான். ஊத்தும் இப்ப காணாது, ஒரு முறைக்குத்தான் தண்ணி கிடக்கு."

"ஞாயிற்றுக்கிழமை நான் இறைக்கேலாது. பொருத்தனை."

பங்குக்காரர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். "வெங்காயத்துக்குக் கிழமை தெரியாது, கிளாக்கர்."

அப்பா திரும்பி வந்துவிட்டார். கூலிக்கு ஆள் பிடித்து இறைக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். தன் பொருட்டு இன்னொருவன் ஓய்வுநாளை உடைத்தால் அதுவும் தன் கணக்குத்தான் என்றார். பகிடி செய்யாதீர்கள். அந்தப் பொருத்தனையை உடைத்தால் அண்ணையின் மூச்சு நின்றுவிடும் என்று அவர் உண்மையாகவே பயந்தார். வெங்காயம் செத்தாலும் கொழும்புக்குப் போய் அதே மூச்சுத்தான் நிற்கப்போகிறது. அந்த மனுசன் இரண்டு பக்கமும் நெருப்போடு நின்றார்.

இரண்டு ஞாயிறு இறைக்காமல் போயிற்று. புதனுக்குப் புதன் மட்டும் தண்ணி. மாசி வெயில் வரவர ஏறியது. வெங்காயத் தாள் நுனி கருகி மடங்கத் தொடங்கியது. திங்கள் விடிய, குடிக்க அள்ளுகிற வாளியால் அப்பா சுமந்து சுமந்து ஊற்றிப் பார்த்தார். மூன்று பாத்திக்கு மேல் போகவில்லை.

மூன்றாம் ஞாயிறு அம்மாவுக்குத் தலையிடி வந்தது.

"நீங்கள் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. எனக்கு ஏலாமல் கிடக்கு," என்று நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். அப்பா என்னைச் சைக்கிள் பாரிலும் அண்ணையைக் கரியரிலும் ஏற்றிக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறும் தலையிடி. அதற்கடுத்த ஞாயிறும்.

சபையில் பெண்கள் பக்கத்தில் நான் தனியே இருக்கவேண்டி வந்தது. போதகரின் மனைவி ஒரு தைலப் போத்தலை என் கையில் தந்து, "அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமையிலை மட்டும்தானோ பிள்ளை தலையிடி?" என்றார். பின் வாங்கில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். "கொழும்புப் பொம்பிளை. எங்கடை சேர்ச் அவவுக்குப் பிடிக்கேல்லைப் போலை," என்று இன்னொரு குரல். போதகர் ஜெபத்தில் அம்மாவின் தலைவலியையும் சேர்த்துக்கொண்டார். எனக்குக் காது சுட்டது. அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது. கடவுளோடு கோபித்துக்கொண்டு படுத்திருக்கிறாரே, இதற்கும் சேர்த்து அண்ணைக்கு ஏதாவது வந்தால்?

அதற்குள் வெங்காயம் நிமிர்ந்துவிட்டது. தாள் கரும்பச்சையாகக் குத்திக்கொண்டு நின்றது. "ஆண்டவர் பனி பெய்யப் பண்ணியிருக்கிறார்," என்றார் அண்ணை. வேதபாடத்தில் எந்நாளும் முதலாம் பிள்ளை அவர், அற்புதம் என்றால் உடனே கண்டுபிடிப்பார். அப்பா ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

பங்குனியில் ஒரு ஞாயிறு நான் முதல்நாள் தின்ற மாங்காய் வேலை செய்துவிட்டது. ஞாயிறு பாடசாலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேதபாட ரீச்சர், "நீ வீட்டை போ பிள்ளை," என்று அனுப்பிவிட்டார். ஒரு மைல் நடந்து வந்து பார்த்தால் வீடு திறந்து கிடக்கிறது, பாய் சுருட்டி வைத்திருக்கிறது, மேசையில் தைலப் போத்தல் மூடி திறபடாமல் இருக்கிறது. தோட்டப் பக்கம் இறைப்பு மெசின் சத்தம்.

போய்ப் பார்த்தேன். அம்மா சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருந்தார். தலையில் அப்பாவின் பழைய துவாய். கையில் மண்வெட்டி. வாய்க்காலில் தண்ணி வர, ஒரு பாத்தியின் வாயை வெட்டி விடுகிறார், அது நிறைய அடுத்த வெட்டில் மண்ணை அள்ளி அடைக்கிறார், அடுத்த பாத்தியைத் திறக்கிறார். முகம் செக்கச் சிவந்திருந்தது. வாய் கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தது. நான் இல்லாத வாங்கில் அந்த நேரம் எல்லோரும் பாடிக்கொண்டிருந்த கீர்த்தனையாகவும் இருக்கலாம். மெசினடியில் நின்ற பங்குக்காரர் என்னைக் கண்டதும் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் ஒண்டும் காணேல்லைப் பிள்ளை," என்றார் கிணற்றைப் பார்த்து.

அம்மா என்னைக் கண்டார். வேலையை நிறுத்தவில்லை. தண்ணி நிற்காதே!

"அம்மா, தலையிடி?"

"கிடக்குத்தான். இந்த வெயிலுக்கு ஆருக்கு இல்லை?"

"அப்பான்ரை பொருத்தனை?"

"பொருத்தனை அவர் பண்ணினது. அவற்றை கைக்குத்தான் பண்ணினவர். என்ரை கைக்கு ஆரும் பண்ணேல்லை." மண்ணை ஓங்கி அடைத்தார். "நான் ஆண்டவரோடை நேரே கதைச்சிட்டன். பிழையெண்டால் என்னோடை பார்த்துக்கொள்ளட்டும். பிள்ளையோடை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு நாளும் வெங்காயம் சாகட்டும் என்று காத்திருக்கிறார் என்று நான் நம்பிய ஆள் இவர்தான்.

"அப்பாட்டை நான் என்னெண்டு சொல்ல?"

"பொய் சொல்லாதை. கேட்டால் உண்மையைச் சொல்லு. கேளாட்டில் பேசாமல் இரு." பிறகு சிரித்தார். "இப்ப வயித்துக்குள்ளை என்ன செய்யுது? போய்ப் படு, வாறன்."

அப்பா கேட்கவேயில்லை. ஆட்டின் பாலைக் கேட்பார், வாய்பாட்டைக் கேட்பார், கோழி எங்கே முட்டையிட்டது என்று கேட்பார். இதை மட்டும் கேட்கவில்லை.

இப்போது நானும் கோப்பாயில் அதே மண்ணில் நாலு பாத்தி வைத்திருக்கிறேன், படம் போடுவதில்லை என்பதுதான் வித்தியாசம். ஆகவே சொல்கிறேன். தண்ணி விட்ட மறுநாள் விடிய வெறுங்காலோடு வரம்பில் கால் வைத்தால், கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் தெரியும். குளிர் உள்ளங்காலால் ஏறும். அப்பா ஒவ்வொரு திங்களும் விடிய வெறுங்காலோடு அந்த வரம்பில் நடந்தவர். ஞாயிறு முழுக்கத் தோட்டத்துக்கு முதுகைக் காட்டி விறாந்தைக் கதிரையில் இருப்பார், தெருவைப் பார்த்தபடி. திங்கள் போய் நெடுநேரம் நிற்பார். பங்குனி நடுவில் மண்வெட்டிக்கு ஒரு புதுப் பிடி போட்டார். மெல்லியது, நீளம் குறைந்தது. புதன்கிழமை அதைப் பிடித்து வேலை செய்ய அவருக்கே முதுகு வளையவேண்டியிருந்தது. அப்பாவுக்குத் தச்சுவேலை வராது என்று நானும் அண்ணையும் சிரித்தோம். அளவு பிழைத்ததென்று அவரும் சொன்னார். யாருடைய கைக்கு அளவெடுத்திருந்தார் என்று விளங்க எனக்கு இத்தனை வருடம் பிடித்தது. அம்மாவுக்கு அப்போதே விளங்கியிருக்கும். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதாக எனக்குத் தெரியாது.

சித்திரையில் வெங்காயம் கிண்டினோம். நல்ல விளைச்சல், பிடி பிடியாகக் கட்டி வீட்டுக் கூரை வளையெல்லாம் தொங்கவிட்டோம். சோறு, படுக்கை, புத்தகம், எல்லாம் வெங்காய மணம். அப்பா கந்தோருக்குக் கடிதம் எழுதித் தபாலில் போட்டார். திரும்பி வந்து அண்ணையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். பிறகு அம்மாவையும் கேட்கச் சொன்னார். இரண்டு பேரும் மாறிமாறி அவருடைய நெஞ்சைக் கேட்டதில் அண்ணைக்குக் கூச்சம் வந்து ஓடிவிட்டார். அண்ணை இப்போதும் இருக்கிறார், எழுபதைத் தொடப்போகிறார். மூச்சு நன்றாக விடுகிறார். கதைக்கத் தொடங்கினால்தான் விடுகிறாரில்லை.

அந்த மாதமே எங்கள் சபையில் அறுப்புத் திருநாள் வந்தது. அவரவர் தோட்டத்தில் விளைந்ததைக் கொண்டுபோய்ப் பீடத்துக்கு முன்னால் வைப்பது வழக்கம். வாழைக்குலை, பூசணி, புகையிலை, நெல் என்று குவிந்திருந்தது. எங்கள் வெங்காயப் பிடியை அண்ணை சுமந்துகொண்டு போனார். அன்றைக்கு அம்மாவுக்குத் தலையிடி இல்லை. வெளியே போகிற சேலை கட்டி என் பக்கத்தில் இருந்தார். போதகரின் மனைவி திரும்பி, "தைலம் சுகப்படுத்தினதோ?" என்று கேட்டார். "ஓம், நல்ல தைலம்," என்றார் அம்மா.

சாட்சி சொல்லுகிற நேரம் அப்பா எழுந்தார். எனக்குப் பயம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இறைக்காமலே கடவுள் விளைய வைத்தார் என்று இவர் சொல்லப்போகிறார், சபையில் பொய்யாகப் போகிறது, தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டிருக்கப் போகிறேன். அம்மாவைப் பார்த்தேன். அவர் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா முன்னால் போய் நின்று மேடைத் தமிழில் பேசினார்.

"இந்தப் போகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையிலும் என் கை மண்வெட்டியைத் தொடவில்லை. நான் ஓய்ந்திருந்த நாளில் ஓயாமல் என் தோட்டத்தைக் காத்தவருக்கு, என் பிள்ளையின் மூச்சுக்காக வெயிலில் நின்றவருக்கு, இந்தச் சபைக்கு முன்னால் நன்றி சொல்லுகிறேன்."

வீட்டில் என்றால் அம்மாவை அவர் 'அவ' என்பார். அந்த மேடைத் தமிழில் ஆண்டவரும் 'அவர்'தான், மரியாதையாகச் சொன்னால் அம்மாவும் 'அவர்'தான். இது எனக்கு அன்றைக்கு எங்கே தெரியும்? வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. வெயிலில் நின்றவர் என்றதும் முன்வாங்கில் ஒரு வயசாளி சிலுவையை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சபை முழுவதும் "ஆமென்" என்றது.

அம்மா மட்டும் சொல்லவில்லை. தலை இன்னும் குனிந்தது. செய்த பிழைக்கு வாய் வரவில்லையாக்கும் என்று நினைத்தேன். பாவம் அம்மா, ஆமென் சொல்லாவிட்டால் கடவுள் கவனித்துவிடுவாரே என்று பயந்து, அவருக்காக நான் இன்னொரு ஆமென் சொன்னேன். அவசரத்தில் அது மிகவும் உரத்து வந்துவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

அப்பா சிரிக்கவில்லை. அவர் ஆண்கள் பக்கம் போய் இருக்காமல் நின்ற இடத்திலேயே நின்று, பெண்கள் பக்கம் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் தனியே ஒருமுறை, மெல்ல, "ஆமென்" என்றார்.

அம்மா என் தொடையில் கிள்ளினார். கிள்ளிய கையை எடுக்க மறந்து, ஆராதனை முடியும்வரை அங்கேயே வைத்திருந்தார்.